குளத்துக்காரனின் கடைசிக் கோப்பை

ஹெத்விகா: அந்தக் கோப்பையில கைய வைக்காத ஓல்டா.

ஓல்டா: வைக்கல அண்ணி. ஈ உக்காந்திருந்துச்சு, விரட்டினேன்.

ஹெத்விகா: ஈ உக்காந்தா உக்காரட்டும். நீ கைய எடு.

ஓல்டா: எடுத்தாச்சு. இதோ, ரெண்டு கையும் மேல. ஜெர்மன்காரனுக்குக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் கை தூக்கினதில்ல.

ப்ரோகோப்: தூக்கினியே. தபால் ஆபீஸ் வாசல்ல. எதிர்ப்பக்கம் நின்னு நானே பாத்தேன்.

ஓல்டா: டேய் ப்ரோகோப், உன்னைக் கூப்பிட்டது அக்கார்டியன் வாசிக்க. சாட்சி சொல்ல இல்ல.

ப்ரோகோப்: வாசிக்கிறேன். எதை வாசிக்க? தண்ணிக்கடி பாட்டா, அண்ணியும் கொழுந்தனும் சண்டை போடற பாட்டா?

ஹெத்விகா: தண்ணிக்கடி பாட்டு. மெதுவா வாசி. குளத்தடியில யாரும் ஓடறதில்ல.

ஓல்டா: நீலத் துணியை இறக்கறேன்... ஆங். பாத்தீங்களா அண்ணி, ஜன்னல் வெயில் பட்டதும் நெசமாவே குளத்தடி மாதிரி ஆயிடுச்சு. பீர்க்கடைக் கூடம்னு யாராவது சொல்வாங்களா?

ப்ரோகோப்: நாத்தம் சொல்லும்.

ஓல்டா: அது உன்னால வர்ற நாத்தம். குளத்துக்காரன் தண்ணிப் பூதமாச்சே, கோட்டு வாலு எப்பவும் சொட்டணும், அதுக்குள்ள ஸ்பாஞ்சை நனைச்சு வைடான்னா, பீர்ல நனைச்சு வச்சிருக்கே. மேடை பூரா நுரை.

ப்ரோகோப்: பம்பு தெருக்கோடியில இருக்கு. பீர் இங்கயே இருக்கு. குளத்துக்காரனே ஒண்ணும் சொல்லல, உனக்கென்ன?

ஹெத்விகா: ரெண்டு பேரும் வாயை மூடுங்க. ஞாயித்துக்கிழமை நடக்கறது, யுத்தம் முடிஞ்சப்புறம் நம்ம மொதல் பொம்மலாட்டம். ஊரே வரும். நீங்க பீர் கணக்குப் பாத்துட்டிருங்க... லித்கா பொம்மை கீழ இறங்கறா. ம்... இறங்கிட்டா. "யாரு இருக்கீங்க இங்க? மேல ஊர்ல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. எல்லாரும் இங்கயா வந்துட்டீங்க?"

ஓல்டா: "மெல்லப் பேசு பொண்ணே. என் கோப்பைங்க தூங்குது." எப்படி அண்ணி? குளத்துக்காரன் குரல் தொண்டையிலேர்ந்து வருதா, வயித்துலேர்ந்து வருதா?

ஹெத்விகா: வயித்துலேர்ந்துதான். மேல போ.

ஓல்டா: "முழுகினவங்க உயிரை ஒவ்வொண்ணா இங்க கோப்பைக்கடியில கவுத்து வச்சிருக்கேன். முன்னயெல்லாம் வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும். ஒரு குடிகாரன், நீச்சல் தெரியாத ஒரு மாப்பிள்ளை... இந்த ஆறு வருசமா கோப்பையே பத்தல. சந்தைக்குப் போயி சட்டி, பானை, தகர டின்னு, கிடைச்சதெல்லாம் வாங்கிட்டு வந்தேன்."

ப்ரோகோப்: டின்னு புதுசு. நேத்து இல்ல.

ஓல்டா: இப்பதான் வாயில வந்துச்சு.

ஹெத்விகா: இருக்கட்டும், நல்லாருக்கு. "இந்தச் சட்டிக்கடியில யாரு?"

ஓல்டா: "தூக்கிப் பாரு." ப்ரோகோப், மணி! மணியை அடி!

ப்ரோகோப்: அடிச்சேனே.

ஓல்டா: கரண்டியால தட்டற மாதிரி இருக்கு.

ப்ரோகோப்: கரண்டிதான். கோயில் மணியைத்தான் ஜெர்மன்காரன் பீரங்கிக்கு உருக்கிட்டானே, நான் எங்க போவேன்?

ஹெத்விகா: "அட, நம்ம கோயில் மணியா! நீயுமா முழுகினே? மேல போ, மேல போ, அங்க யாருக்கும் மணியே தெரிய மாட்டேங்குது..." சரி, அடுத்தது?

ஓல்டா: பொத்தான் கடை லெவித் குடும்பம்.

ஹெத்விகா: நாலு பேரையும் ஒரே கோப்பையிலயா வச்சிருக்கே?

ஓல்டா: தனித்தனியா வைக்க மனசு வரல அண்ணி. முகாமுக்கு ரயில்ல ஏத்தும்போதே பிரிச்சாங்க. போன இடத்துலயும் பிரிச்சாங்களாம். இங்கயாவது...

ஹெத்விகா: ம்.

ஓல்டா: அவங்க ஒண்ணும் பேச மாட்டாங்க. கோப்பையைத் தூக்கினதும் பொத்தான் மட்டும் உருளும். மேடை விளிம்பு வரைக்கும் உருண்டு போயி கீழ விழும். மொத வரிசைப் பிள்ளைங்க பொறுக்கட்டும்.

ஹெத்விகா: பொறுக்கினதைத் திருப்பிக் கேக்காதே.

ஓல்டா: கேக்க மாட்டேன்.

ஹெத்விகா: அந்தச் சின்னக் கோப்பையில?

ஓல்டா: அது... சொன்னா திட்டக் கூடாது.

ப்ரோகோப்: திட்டுவாங்க.

ஓல்டா: அந்த ஜெர்மன் பையன் அண்ணி. பட்டாளத்துலேர்ந்து வந்து நம்ம பெரிய குளத்துல குளிக்க இறங்கினானே, செவத்த முடி... ஏறவே இல்லையே.

ஹெத்விகா: அவனையுமா?

ஓல்டா: யோசிச்சுப் பாருங்க. இத்தனை கோப்பையில நெசமாவே தண்ணியில முழுகினவன் அவன் ஒருத்தன்தான். குளத்துக்காரன் முறைப்படி பிடிச்சது அவனைத்தான். விட்டுட்டா கதை கோவிச்சுக்கும்.

ப்ரோகோப்: கதை கோவிக்கறது இருக்கட்டும். இப்ப ஊரை ஆளற கமிட்டி கோவிச்சுக்கும்.

ஹெத்விகா: ...அவன் என்ன பேசறான்?

ஓல்டா: "தண்ணி எவ்வளவு ஆழம்னு யாரும் சொல்லலயே"ன்னு கேப்பான். அவ்வளவுதான். போயிடுவான்.

ஹெத்விகா: வை. எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்.

ஓல்டா: இப்ப காஷ்பாரெக். கடைசிக் கோப்பைக்குள்ளேர்ந்து. "ஏய் லித்கா! ஊருல உள்ளவனையெல்லாம் திறந்து விடறே, இந்தக் கோமாளி மட்டும் கண்ணுக்குத் தெரியலையா? இங்க ஒரே இருட்டு. பக்கத்துல ஒரு கெண்டை மீன் வேற குறட்டை விடுது!"

ஹெத்விகா: இன்னொரு தடவை சொல்லு.

ஓல்டா: எதை?

ஹெத்விகா: அந்தக் கெண்டை மீன்.

ஓல்டா: "பக்கத்துல ஒரு கெண்டை மீன் வேற குறட்டை விடுது!"

ஹெத்விகா: அப்படியே அவருடா. அந்த 'வேற'வை ஒரு இழுப்பு இழுப்பாரே... எப்படித்தான் வருதோ உனக்கு.

ஓல்டா: சின்ன வயசுலேர்ந்து அண்ணன் முதுகுக்குப் பின்னால நின்னு கேட்டதுதானே. ஜெர்மன்காரன் அவரைப் பிடிச்சுட்டுப் போன இந்த ரெண்டு வருசமா நாந்தான் காஷ்பாரெக்கைப் பேசறேன். தானா வருது.

ப்ரோகோப்: நான் ஒரு எட்டு வெளிய போயி...

ஹெத்விகா: உக்காரு. காஷ்பாரெக் வாயைத் திறந்தாலே உனக்கு வெளிய போகணும்.

ப்ரோகோப்: புகை பிடிக்கலாம்னு பாத்தேன் அக்கா.

ஹெத்விகா: இங்கயே பிடி. குளத்தடியில கொஞ்சம் மூட்டமா இருந்தா நல்லதுதான்.

ஓல்டா: சரி, முடிவுக்கு வருவோம். லித்கா கடைசிக் கோப்பையைத் தூக்கறா. காஷ்பாரெக்...

ஹெத்விகா: தூக்க மாட்டா.

ஓல்டா: மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?

ஹெத்விகா: அவன் உள்ளேயே இருக்கட்டும். உள்ளேர்ந்து பேசிக்கிட்டே இருக்கட்டும். நீ திரையை இறக்கிடு.

ஓல்டா: பிள்ளைங்க விடுமா? பெஞ்சு மேல ஏறி நின்னு "திற, திற"ன்னு கத்தும்.

ஹெத்விகா: கத்தட்டும். திறந்தா என்ன ஆகும்? சொல்லு.

ஓல்டா: என்ன ஆகும்... எல்லாக் கதையிலயும் ஆகறதுதான். உயிர் குமிழி மாதிரி மேல போகும். விடுதலை.

ஹெத்விகா: போயிடும்.

ஓல்டா: ஆமா... போயிடும்.

ஹெத்விகா: அந்தக் கோப்பைக்கடியில இருக்கறவங்க எல்லாம் செத்தவங்க. உயிரோட இருக்கறவனை யாரும் அங்க கவுத்து வைக்க மாட்டாங்க. நீ அதைத் திறந்தா, என் புருசன் செத்துட்டாருன்னு ஊருக்கே தண்டோரா போடற மாதிரி.

ஓல்டா: அது காஷ்பாரெக் அண்ணி. பொம்மை. அண்ணன் இல்ல.

ஹெத்விகா: யாருகிட்ட கதை விடறே? கோட்டைப் பாத்துக் கிண்டலடிச்சான், அதனால குளத்துக்காரன் காஷ்பாரெக்கைத் தண்ணிக்குள்ள இழுத்துட்டான்னு நீதானே எழுதினே? அது உங்கண்ணன் க்விடோதான்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?

ஓல்டா: கோட்டுன்னதும் ஞாபகம் வருது. கமிட்டிக்காரங்க காலையிலயும் வந்தாங்க. "தோழர் க்விடோவின் வீரத்தை மேடையில் காட்டுங்கள்"ங்கறாங்க.

ஹெத்விகா: என்ன வீரம்?

ஓல்டா: அதான்... குளத்துக்காரனோட பச்சைக் கோட்டைக் கழட்டிட்டு, ஜெர்மன் பட்டாளத்துச் சாம்பல் கோட்டை மாட்டி மேடையேத்தினாரே. அதிகாரி மொத வரிசையில உக்காந்திருக்கறப்ப.

ஹெத்விகா: பச்சைத் துணி கிடைக்கலடா! கூப்பனைத் தூக்கிட்டு எல்லாக் கடையும் ஏறி இறங்கினேன், ஒரு சாண் துணி கிடைக்கல. பழைய கோட்டோட உள்துணியைக் கிழிச்சு நாந்தான் தச்சேன். மாட்டி விடும்போது, "என்ன ஹெத்வி, இவன் குளத்துலேர்ந்து வர்றானா, பெர்லின்லேர்ந்து வர்றானா?"ன்னு கேட்டாரு. நான் சிரிச்சுட்டேன்.

ப்ரோகோப்: அதையே மேடையிலயும் கேட்டுட்டாரு.

ஹெத்விகா: நான் சிரிச்சா போதுமே, அதை ஊருக்கே சொல்லணும் அவருக்கு. சனம் சிரிச்ச சிரிப்புல கூரை ஓடு ஆடிச்சு. அந்த அதிகாரிகூட சிரிச்சான். பக்கத்துல இருந்தவன் குனிஞ்சு அர்த்தம் சொன்னப்புறம்தான் நிறுத்தினான்.

ஓல்டா: வீரம்னே சொல்லிட்டுப் போனா என்ன குறைஞ்சுடும்?

ஹெத்விகா: அவரு குறைஞ்சுடுவாரு. சிரிக்க வைக்கப் போன மனுசன். மார்பை நிமித்திக்கிட்டு நிக்கற பொம்மையா பண்ணி வச்சா அவருக்குப் பிடிக்குமா?

ப்ரோகோப்: பிடிக்காது. அங்க... நாங்க இருந்த முகாம்லயும் இதைத்தான் சொல்வாரு. "துணிக்கடைக்காரன்கிட்ட பச்சை இருந்திருந்தா, நான் இன்னிக்கு வீட்ல உக்காந்திருப்பேன்"னு. ரெண்டு கரண்டியை நூல்ல கட்டி, பலகை மேல ஆட்டிக்கிட்டே...

ஓல்டா: டேய்.

ப்ரோகோப்: நிறுத்திட்டேன்.

ஹெத்விகா: இன்னொண்ணு ஓல்டா. குளத்துக்காரனை ஜெர்மன்காரன் ஆக்கிடாதே. அவன் நம்ம ஆளு. நம்ம தாத்தன் காலத்துலேர்ந்து நம்ம குளத்துலதான் கிடக்கான்.

ஓல்டா: பின்ன சாம்பல் கோட்டு?

ஹெத்விகா: யாரோ மாட்டி விட்டுட்டாங்க. அவனுக்கே அது பிடிக்கல, கை நீளமா இருக்குன்னு இழுத்து இழுத்து விட்டுக்கறான். இத்தனை பேரை எங்க வைக்கறதுன்னு அவனுக்கே தெரியல, பாவம்.

ஓல்டா: ...இதை எழுதிக்கறேன் அண்ணி. இது வேணும்.

ஹெத்விகா: எழுது. ரெண்டு மணி ரயிலு வர்ற நேரமாச்சு. நான் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வரேன்.

ஓல்டா: இன்னிக்குமா?

ஹெத்விகா: ஏன், ரயிலுக்கு இன்னிக்கு லீவா? நான் வர்றதுக்குள்ள அந்தக் கோப்பையைத் தொட்டே, சாம்பல் கோட்டை உன் அளவுக்குத் தச்சு மாட்டி விட்டுருவேன்.

ப்ரோகோப்: ...போயிட்டாங்களா?

ஓல்டா: தெருமுனை தாண்டிட்டாங்க. பாருடா, இருக்கறதுலயே நல்ல கவுனைப் போட்டுட்டுப் போறாங்க. தினமும் இப்படித்தான்.

ப்ரோகோப்: சொல்லிடேன்டா.

ஓல்டா: எப்படிச் சொல்ல? "அண்ணன் பிப்ரவரியிலயே விஷக்காய்ச்சல்ல போயிட்டாரு, ப்ரோகோப் தோள்ல சாஞ்சு தூங்கினவரு எந்திரிக்கல"ன்னு? அந்தக் கவுனைப் பாத்துக்கிட்டே சொல்லவா?

ப்ரோகோப்: மெல்லப் பேசு.

ஓல்டா: நீ ஊருக்கு வந்த மறுநாள் காலையில சட்டையைப் பிடிச்சு உலுக்கினப்புறம்தானே என்கிட்டயே சொன்னே? அவங்ககிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினது நாந்தான். ஒத்துக்கறேன்.

ப்ரோகோப்: இந்த ஊருக்குத் திரும்பி வந்ததுலேர்ந்து சத்தியம் பண்ணிப் பண்ணியே என் உள்ளங்கை தேஞ்சு போச்சு.

ஓல்டா: வேற யாருக்குப் பண்ணினே?

ப்ரோகோப்: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஓல்டா: உனக்கு எங்க குடும்ப வழக்கம் தெரியும்ல? காஷ்பாரெக்குக்கு ஒரே வாய்தான். அந்த வாய்க்காரன் ஊர்ல இல்லன்னா, இன்னொருத்தன் அவன் குரல்லயே பேசலாம். அவன் வர்ற வரைக்கும் சூடு ஆறாம பாத்துக்கற மாதிரி. ஆனா அவன் செத்துட்டா அந்தக் குரலும் அவனோட போயிடணும். அடுத்தவன் தன் சொந்தக் குரல்லதான் பேசணும்.

ப்ரோகோப்: தெரியும். உங்கப்பா செத்தப்ப க்விடோ குரலை மாத்தினது ஞாபகம் இருக்கு. காஷ்பாரெக் திடீர்னு வேற ஆளாயிட்டான். பிள்ளைங்க அழுதுச்சு.

ஓல்டா: நான் மூணு வாரமா செத்தவன் குரல்ல பேசிட்டிருக்கேன்டா. தெரிஞ்சே பேசறேன். வாயைத் திறந்தா உள்ளேர்ந்து அவரு பேசற மாதிரி இருக்கு. நிறுத்தினா அண்ணிக்குப் புரிஞ்சுடும். நிறுத்தலன்னா அவரு எப்படிப் போவாரு? என் தொண்டைதான் இப்ப அவரைக் கவுத்து வச்சிருக்கற கோப்பை.

ப்ரோகோப்: அதுக்குத்தான் கடைசியில திறக்கணும்னு நிக்கறியா?

ஓல்டா: எனக்குத் தைரியம் இல்ல. பொம்மையே சொல்லிடட்டும்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை...

ப்ரோகோப்: ஊரு முன்னாலயா? கிறுக்குப் பயலே, லித்கா நூலு அவங்க கையிலல்ல இருக்கும்? அவங்க கையாலயே திறக்க வைக்கப் போறியா?

ஓல்டா: ...நான் அப்படி யோசிக்கல.

ப்ரோகோப்: யோசி. சொல்றதா இருந்தா இன்னிக்கே சொல்லு. நம்ம மூணு பேரு மட்டும் இருக்கறப்ப.

ஓல்டா: வர்றாங்க. வாசி, வாசி!

ஹெத்விகா: என்னடா, தண்ணிக்கடி பாட்டு கல்யாண ஊர்வலம் மாதிரி போகுது?

ப்ரோகோப்: விரல் வழுக்கிடுச்சு அக்கா.

ஓல்டா: ரயில்ல யாராவது...?

ஹெத்விகா: ரெண்டு பேரு இறங்கினாங்க. ஒருத்தன் கோழி வியாபாரி. இன்னொருத்தன் யாருன்னே தெரியல. பெரிய கோட்டு, உள்ள ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு. ஒரு பொம்பளை ஓடி வந்து அந்தக் கோட்டையே கட்டிப் பிடிச்சுக்கிட்டா... சரி, விட்ட இடத்துலேர்ந்து போவோம்.

ஓல்டா: அண்ணி, ஒரு விசயம்...

ஹெத்விகா: அப்புறம். லித்கா கோப்பைக்கிட்ட நிக்கறா பாரு. காஷ்பாரெக் பேசட்டும்.

ஓல்டா: "...லித்கா. எவ்வளவு நேரமா நிக்கறே?"

ஹெத்விகா: "ரொம்ப நேரமா."

ஓல்டா: "கால் நனையலையா?"

ஹெத்விகா: "இங்க எல்லாமே நனைஞ்சுதான் இருக்கு. உனக்குக் குளிருதா?"

ஓல்டா: "மொதல்ல குளிருச்சு. பனி பேஞ்சுது. அப்புறம் ஒரு தோள் கிடைச்சுது. சூடா இருந்துச்சு, தூங்கிட்டேன்."

ப்ரோகோப்: ஓல்டா...

ஹெத்விகா: நீ வாசி ப்ரோகோப். நிறுத்தாதே. "தூக்கத்துல கனவு வந்துச்சா?"

ஓல்டா: "வந்துச்சு. குளம் இறைக்கிற நாளு. ஊரே கரையில நிக்குது. தண்ணி வடிய வடிய, அடியில நம்ம வீட்டு அடுப்படி தெரியுது. நீ பிளம்ஸ் கொழுக்கட்டை பிடிச்சிட்டிருக்கே. கூப்பிட்டேன், நீ திரும்பல."

ஹெத்விகா: "கேட்டுச்சு. திரும்பினா நீ போயிடுவேன்னுதான் திரும்பல."

ஓல்டா: "கோப்பையைத் தூக்கு லித்கா. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா மணி போயிடுச்சு, பொத்தான்கூட உருண்டு போயிடுச்சு. அந்தச் செவத்த முடிக்காரனும் போயிட்டான். நான் மட்டும்தான் இருக்கேன்."

ஹெத்விகா: "என்னைச் சிரிக்க வை. அப்புறம் தூக்கறேன்."

ஓல்டா: "சிரிக்கவா? ஒரு நாளு குளத்துக்காரன் துணிக்கடைக்குப் போயி..."

ஹெத்விகா: "ம்... போயி?"

ஓல்டா: "போயி... பச்சைத் துணி..." முடியல. என்னால முடியல அண்ணி.

ஹெத்விகா: குரலை ஏன்டா விட்டே? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு.

ஓல்டா: லித்காவை மாட்டிட்டு இப்படி வந்து உக்காருங்க.

ஹெத்விகா: நான் நின்னுக்கறேன். நீ பேசு.

ஓல்டா: அண்ணன் வர மாட்டாரு. இனிமே ஸ்டேஷனுக்குப் போகாதீங்க. பிப்ரவரியிலயே... விஷக்காய்ச்சல். கடைசி வரைக்கும் இவன்தான் பக்கத்துல இருந்திருக்கான். எனக்கு மூணு வாரமா தெரியும். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வழக்கத்தை மீறி அவரு குரல்லயே பேசிட்டிருந்தேன். இவனைத் திட்டாதீங்க, நாந்தான் சத்தியம் வாங்கினேன்.

ப்ரோகோப்: அக்கா, மன்னிச்சுடுங்க. சட்டையைப் பிடிச்சு உலுக்கினான். என்னால மறைக்க முடியல.

ஓல்டா: அவங்ககிட்ட நீ எதுக்குடா மன்னிப்பு கேக்கறே?

ஹெத்விகா: ரயிலை விட்டு இறங்கின அன்னிக்குச் சாயங்காலமே இவன் என்கிட்ட சொல்லிட்டான் ஓல்டா, உனக்கு முன்னாடியே. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நாந்தான் இவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். நீ சந்தேகப்படாம இருக்கணும்னுதான் தினமும் கவுனை மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கும் போனேன்... அவரு செத்ததைக்கூடத் தாங்கிக்கிட்டேன்டா. உனக்கும் தெரிஞ்சுட்டா அந்தக் குரல்ல பேசறதை நிறுத்திடுவியே, அதைத்தான் என்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்.